அரை டன் வண்டி என்பதன் பொருள் என்ன?

அமெரிக்காவில் உருவான பழைய பிக்கப் வண்டிகளை 'அரை டன்', 'முக்கால் டன்', 'ஒரு டன்' என மூவகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். ஃபோர்டு நிறுவனம் 1953-இல் வெளியிட்ட எஃப்-100, எஃப்-250, எஃப்-350 ஆகியவை முறையே இவ்வகைகளைச் சேர்ந்தவை.

அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம். தொடக்கத்தில் இப்பெயர்கள் வண்டி சுமக்கும் பாரத்தையே குறித்தன. நாளடைவில் வண்டிகள் வலுப்பெற்றன. பெயர்கள் மட்டும் மாறவில்லை. 1975-இல் வந்த எஃப்-150, 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கென அமைக்கப்பட்டது. அதனையும் 'அரை டன்' என்றே அழைத்தனர்.

ஆகவே, உற்பத்தியாளர் தகட்டில் குறித்துள்ள மொத்த எடை வரம்பையே நம்புதல் வேண்டும். வண்டி, எரிபொருள், ஆட்கள், சரக்கு ஆகிய யாவும் அதில் அடங்கும். எடுத்துக்காட்டாக, வரம்பு 2,700 கிலோகிராம் எனவும், எரிபொருள் நிரப்பிய வண்டியின் எடை 1,800 கிலோகிராம் எனவும் கொள்வோம். எஞ்சுவது 900 கிலோகிராம். ஆட்கள் இருவரின் எடை 150 கிலோகிராம் எனில், சரக்குக்கு 750 கிலோகிராமே மிஞ்சும்.

முன், பின் அச்சுகளுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. சரக்கு முழுவதையும் பின்கோடியில் அடுக்கினால், மொத்த எடை வரம்புக்குள் இருப்பினும் பின்னச்சு வரம்பை மீறிவிடலாம்.

கூடுதல் ஸ்பிரிங் பொருத்தினால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்கும். ஆனால் பிரேக், டயர், அச்சு ஆகியவற்றின் வலு அதனால் கூடுவதில்லை. மிகைப் பாரத்துடன் இறக்கத்தில் செல்லும் வண்டியைத் தக்க தொலைவில் நிறுத்த இயலாது. உயிருக்கே ஊறு நேரும். பாரம் ஏற்றுமுன் தகட்டைப் படித்தறிதல் ஓட்டுநர் ஒவ்வொருவரின் கடமையாகும்.