இரண்டு மார்க்கோடு நின்றுபோன பாடம்

பிளஸ் டூ கணக்கில் சதம் அடித்த பையனை முதலாண்டு லேபில் உட்காரவைத்து ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று அடிக்கச் சொல்லுங்கள். பேந்தப் பேந்த விழிப்பான். இரு பக்கமும் எக்ஸைக் கழித்தால் பூஜ்யமும் ஒன்றும் சமம் என்றல்லவா வருகிறது! “அது சமன்பாடு இல்லப்பா, டப்பா. உள்ளே இருக்கிறதோடு ஒன்றைச் சேர்த்து அதிலேயே போடு” என்பார் லேப் சார். தலையாட்டுவான். மனப்பாடம் அன்றைக்கே ஆரம்பம்.

ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் இந்த டப்பா கிடையாது. எக்ஸ் ஐந்து என்றால் கடைசிவரை ஐந்துதான். ஒரு பட்டியலைக் கூட்ட, அந்த வகையைச் சேர்ந்த ஹாஸ்கெல் மொழியில் இரண்டே வரி: காலிப் பட்டியலின் கூட்டுத்தொகை 0, மற்றதற்கு, முதல் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகையைச் சேர். 3, 4, 5 கொடுத்தால் 3 + (4 + (5 + 0)), ஆக 12. கம்ப்யூட்டரே வேண்டாம், பேனா போதும். எந்தப் பட்டியலுக்கும் இது சரிதானா என்று நிரூபிக்க, பதினொன்றாம் வகுப்பில் படித்த கணிதத் தொகுத்தறிதல் அப்படியே கைகொடுக்கும்.

இத்தனைக்கும் நம் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே ஃபங்ஷன்தான். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் ‘ப்யூர் ஃபங்ஷன்’ அதில் வருகிறது. இரண்டு மார்க்குக்கு உருப்போட்டு எழுதிவிட்டு, கல்லூரியில் சி, ஜாவா என்று போய்விடுகிறார்கள். சென்னையை அடுத்த சிறுசேரியில் ஒரு கணித நிறுவனம் முதலாண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஹாஸ்கெல் சொல்லித்தருகிறது. நம் பொறியியல் கல்லூரிகளுக்கு என்ன தயக்கம்?

2001-இல் டெக்சாஸிலும் இதே வழக்கு. அங்கே பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பாடத்தில் ஹாஸ்கெல்லை எடுத்துவிட்டு ஜாவாவை வைக்கப் பார்த்தபோது, மூத்த கணினி விஞ்ஞானி ஒருவர் ‘பட்ஜெட் கவுன்சி’லுக்கே கடிதம் எழுதினார். ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரிந்தவனுக்கும் ஹாஸ்கெல் புதுசாக இருக்கும். தெரியாத விஷயம் நிறைய இருக்கிறது என்று அவனுக்கே உறைக்கும் என்றார். கம்ப்யூட்டர் குரூப்பும் பயாலஜி குரூப்பும் ஒரே பெஞ்சில் உட்காரும் நம் வகுப்புகளுக்கு இதைவிட நல்ல நியாயம் தோன்றவில்லை.

பிளேஸ்மென்ட்டுக்கு உதவாது என்பார்கள். ஹாஸ்கெல் கேட்டு வரும் கம்பெனிகள் குறைவுதான். ஆனால் அந்த ஜாவாவே 2014-இல் ஃபங்ஷனல் பாணியின் லாம்டாவைச் சேர்த்துக்கொண்டது.

என் கவலை பிளேஸ்மென்ட் இல்லை, ரெக்கார்ட் நோட்டு. அறுபது பேர் நோட்டிலும் ஒரே புரோகிராம், ஒரே எழுத்துப்பிழை. இப்போது அதையும் ஏஐ எழுதித் தருகிறது. எழுதித் தந்தது சரியா என்று பார்க்க யாருக்குத் தெரியும்? வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரு வரியைத் தொட்டு, “இதை எடுத்துட்டா என்னம்மா ஆகும்?” என்கிறார்.

“ரெக்கார்டுல இருக்கு சார்.”