எண்ணெய் டின்னும் மூன்று துளைகளும்

திரவத்தின் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் அனைவரும் மனப்பாடம் செய்துவிட்டோம். தேர்வில் கேட்டால் படமும் வரைவோம். பாத்திரத்தின் பக்கத்தில் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று துளைகள். கீழ்த் துளை நீர்தான் எல்லாவற்றிலும் தொலைவில் விழும். நம் அம்மாமார் படித்த காலத்திலிருந்தே பல புத்தகங்களில் இப்படம் இருந்து வருகிறது.

இதை அறிவியல் கண்காட்சியில் செய்து காட்ட முற்பட்டபோதுதான் வந்தது வினை. உயரமான எண்ணெய் டின் ஒன்றில் 24 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினோம். நீர்மட்டத்திலிருந்து 6, 12, 18 செ.மீ. ஆழங்களில் ஒரே ஆணியால் துளைகள். டின்னைத் தரையில் வைத்து, மட்டம் குறையாதபடி ஒருத்தி ஊற்றிக்கொண்டேயிருக்க, விரல்களை எடுத்தோம். நடுத்துளை நீரே தொலைவில் விழுந்தது! மேல் நீரும் கீழ் நீரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. துளையில்தான் கோளாறு என்று வேறொரு டின்னில் முயன்றோம். அதுவும் அப்படியே. அப்படியானால் பாடம் பொய்யா?

"நீர் எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறது என்று மட்டும் பார்க்கிறீர்களே, எவ்வளவு நேரம் பறக்கிறது?" என்று கேட்டார் சிஸ்டர்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. கீழ்த் துளையில் அழுத்தம் மேல் துளையைப் போல் மூன்று மடங்கு. வேகமோ ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே 1.7 மடங்குதான். இதை 1644-இல் நூலாக வெளியிட்டவர் இத்தாலியரான டாரிசெல்லி. (அவருடைய ஆசிரியர் கஸ்தெல்லி ஒரு பெனடிக்ட் சபைத் துறவி என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை!) கீழ் நீர் வேகமாகப் புறப்பட்டாலும், 6 செ.மீ. இறங்குவதற்குள் தரை வந்துவிடுகிறது. மேல் நீருக்கு 18 செ.மீ. இறங்க நேரம் இருக்கிறது. கணக்குப் போட்டால் நடு நீர் 24 செ.மீ., மற்ற இரண்டும் 21 செ.மீ. தூரம் செல்ல வேண்டும். எங்கள் அளவுகள் சற்றுக் குறைவாகவே வந்தன. துளையின் ஓரங்கள் நீரைத் தடுத்திருக்கும்.

பிறகு டின்னை 45 செ.மீ. உயர முக்காலியின் விளிம்பில் வைத்தோம். இப்போது எல்லா நீருக்கும் விழப் போதிய உயரம் கிடைத்தது. கீழ் நீர் முந்தியது, நடு நீர் அடுத்தது, மேல் நீர் கடைசி. ஆக, படத்தில் பாத்திரத்தை உயரத்தில் வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அகன்ற வாளி ஒன்றிலும் அதே ஆழங்களில் துளையிட்டுப் பார்த்தோம். நீர் பல மடங்கு அதிகம், தூரத்தில் மாற்றமில்லை. அழுத்தம் ஆழத்தைப் பார்க்கிறதே தவிர அளவைப் பார்ப்பதில்லை. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அவ்வளவு ஆழத்தில், காற்றழுத்தம் நீங்கலாக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடை அழுத்துகிறது. அணைக்குப் பின்னால் நீர் பல மைல் பரந்திருந்தாலும், சுவரை ஒட்டி ஒரு முழ அகலமே நின்றாலும், அசையாத நீரின் இந்த அழுத்தம் ஒன்றே. அணையின் அடி அத்தனை தடிமனாக இருப்பது ஆழத்திற்காகத்தான்.

கண்காட்சியன்று தரையில் ஒரு டின், முக்காலியில் ஒரு டின் வைத்தோம். வந்த பெற்றோரிடம் தரை டின்னைக் காட்டி, எந்த நீர் தூரம் போகும் என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லோருமே கீழ்த் துளையைத்தான் காட்டினார்கள்.