மோட்டாரின் காய்ச்சலுக்கு மருந்து எது?

ஏற்றத்தில் பிக்கப் வாகனம் கொதித்து நின்றுவிட்டால், "குறைந்த சூட்டில் திறக்கும் தேமோஸ்டற்றைப் போடுங்கள், சரியாகிவிடும்" என யோசனை கூறுவோர் பலர். பணத்தைச் செலவிடுமுன் நாம் சற்றுச் சிந்தித்தல் நன்று.

தேமோஸ்டற் என்பது இயந்திரத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையே நிற்கும் சிறு வாயிற்காவலன். அதனுள் மெழுகு உண்டு. நீர் சூடேறினால் மெழுகு உருகி விரிந்து வாயிலைத் திறக்கும். ஆறினால் சுருங்கி மூடும். 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த செவ்ரோலே பிக்கப்புகளின் 5.7 லீற்றர் இயந்திரத்துக்கு உரியது 195 பாகை பரனைற்றில், அதாவது ஏறத்தாழ 91 பாகை செல்சியசில், திறப்பதாகும். 180 பாகையிலும் 160 பாகையிலும் திறப்பனவும் கடைகளில் உள.

வாயில் முந்தித் திறப்பதனால் றேடியேற்றர் பெரிதாகிவிடுமா? முற்றாகத் திறந்தபின் எல்லாம் ஒன்றே. அடைபட்ட றேடியேற்றரோ, தளர்ந்த விசிறிப் பட்டியோ, பழுதான நீர்ப் பம்பியோ காரணமாயின், புதிய தேமோஸ்டற் கொதிப்பைச் சற்றுத் தாமதிக்குமேயன்றித் தடுக்காது.

தீமையும் உண்டு. இயந்திரம் என்றும் குளிர்ந்தே ஓடினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். எண்ணெயிற் சேரும் ஈரம் ஆவியாகாது சேறாகும். சிலிண்டர்கள் விரைவில் தேயும். வேகத்துக்கெனத் திருத்தியமைத்த இயந்திரங்களுக்கு 180 பாகை பொருந்தலாம். குடும்ப வாகனத்துக்கு உற்பத்தியாளர் குறித்த அளவே தக்கது.

ஐயமாயின், சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்து நீரில் தேமோஸ்டற்றைத் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்கிப் பார்ப்போம். அதிற் பொறித்த பாகையளவில் திறக்கத் தொடங்கினால் அது குற்றமற்றது. நோய் வேறிடத்தில் உளது.