சூரியப் புயலும் கடைசி ஒரு மணி நேரமும்

சூரியனின் மேற்பரப்பில் காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு வெளியே தலைகாட்டும் இடங்களே கரும்புள்ளிகள். சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்திருப்பதால்தான் அவை கறுப்பாகத் தெரிகின்றன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் கண்டறிந்தார். இப்போது நடப்பது 25ஆவது சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கிய இது 2024இல் உச்சத்தைத் தொட்டது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடைத்ததோ இல்லையோ, நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் சேர்ந்துவிட்டன. நீண்ட சுழற்சிகளை ஆராய்பவர்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து வேண்டியதில்லை.

கரும்புள்ளிகளுக்கு மேலே காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது மூன்று வகையான தாக்கம் பூமியை நோக்கி வரலாம். எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் சிற்றலை வானொலியை முடக்கும். வேகமான புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். காந்தப்புலத்தையும் சுமந்துவரும் பிளாஸ்மா மேகம் வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். புவிகாந்தப் புயலைக் கிளப்புவது இந்த மேகம்தான்.

1859 செப்டம்பர் 1ஆம் தேதி கேரிங்டன் என்ற ஆங்கிலேயர் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் வெண்ணிற ஒளி பளிச்சிட்டதைப் பார்த்தார். சுமார் பதினேழரை மணி நேரத்தில் மேகம் பூமியை அடைந்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானியின் அளவு சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லாண்ட் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள். கொலாபாவின் காந்த அளவீடு பின்னர் அலிபாகுக்கு இடம் மாறியது. பம்பாய்க்கு மின்சார டிராம் வரவிருந்ததே காரணம். பூமியின் காந்தத்தைக் கவனிக்க வந்த கருவி டிராமைக் கவனிக்கத் தொடங்கினால் என்ன பயன்?

கம்பியில் மின்சாரம் ஓடுவதன் காரணம் எளிது. காந்தப்புலம் மாறினால் நீண்ட கடத்திகளில் மின்னோட்டம் தூண்டப்படும். தரை அதை எளிதில் கடத்தாவிட்டால் அது மின்கம்பிகளைத் தேடிக்கொள்ளும். கனடாவின் கியூபெக் மாகாணம் பழைமையான கெட்டிப் பாறை மேல் அமைந்தது. மின்பாதைகளும் மிக நீளமானவை. 1989 மார்ச் 13ஆம் தேதி அங்கே ஒன்றரை நிமிடத்துக்குள் மின்கட்டமைப்பு முழுவதும் விழுந்தது. அறுபது லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். தென் தமிழ்நாட்டில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் காந்த நடுக்கோடு அருகில் செல்வதால், அயனி மண்டலத்தில் ஓடும் வலுவான மின்னோட்டத்தைத் திருநெல்வேலி அருகே உள்ள ஆய்வகம் தொடர்ந்து அளக்கிறது. அயனி மண்டலம் கலங்கினால் ஜிபிஎஸ் சமிக்ஞையும் கலங்கும்.

இனி கணிப்புக்கு வருவோம். மேகம் புறப்படுவதை விண்கலக் கேமராக்கள் படம் பிடித்துவிடும். எப்போது வந்துசேரும் என்பதைக் கணினி மாதிரிகள் சொல்லும். பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம். உண்மையான சிக்கல் மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலத்தின் திசை. அது தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து ஆற்றலைக் கொட்டும். வடக்கு நோக்கி இருந்தால் பெரிய மேகம்கூடப் பெரும்பாலும் அலட்டாமல் கடந்துவிடும். இந்தத் திசையைத் தொலைவிலிருந்து நம்பகமாகப் படிக்க இன்னும் வழியில்லை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்1 என்ற புள்ளியில் இருக்கும் கலங்களை மேகம் உரசும்போதுதான் அது தெரியவரும். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கிடைக்கும் அவகாசம் ஒரு மணி நேரம். 800 என்றால் அரை மணி நேரம். இந்தியாவின் ஆதித்யா எல்1 கலம் 2024 ஜனவரி 6 முதல் அங்கே சுற்றுகிறது. ஆறு மீட்டர் நீளக் கம்பத்தில் பொருத்திய காந்தமானியும் அதில் உண்டு; கலத்தின் சொந்தக் காந்தம் அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம்.

புயலின் வலிமையை அமெரிக்க விண்வானிலை மையம் ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறது. இந்தத் தர எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 அழிந்தன. அப்போது வீசியது மிதமான புயல்தான். ஆனால் மேல் வளிமண்டலம் வெப்பமடைந்து ஊதியதில், சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் இழுவை கூடிவிட்டது. 2024 மே 10 அன்று வந்ததோ ஜி5. 2003க்குப் பிறகு அதுவே முதல் முறை. லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடுமாறின. மின்கட்டமைப்புகள் பெரிய சேதமின்றித் தப்பின.

எச்சரிக்கை வந்ததும் மின்வாரியங்கள் பராமரிப்பு வேலையைத் தள்ளிவைத்து, முக்கியப் பாதைகளின் சுமையைக் குறைக்கலாம். துருவ வழி விமானங்களைத் தெற்கே திருப்பலாம். அடுத்த கட்டமாக, சூரியனைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் விஜில் என்ற கலத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை தயாரிக்கிறது. பூமியை நோக்கித் திரும்பவிருக்கும் கரும்புள்ளிகளை அது நான்கைந்து நாள் முன்பே காட்டும். புறப்பட்ட மேகத்தின் வேகத்தையும் துல்லியமாகச் சொல்லும். காந்தத் திசைக்கு மட்டும் எல்1 கலங்களின் அளவீட்டுக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.