முக்கோணம் ஏன் மூடவில்லை?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: “பொண்ணு ஆறாவது படிக்குது. கோடிங் கிளாஸ்ல சேர்த்து விடலாமா சார்?”

சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் இல்லாமல், நீங்களே ஆரம்பியுங்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எம்6 போல்ட்டுக்கு மரை போட வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “5 எம்எம் டிரில் போட்டுட்டு, அப்புறம் டேப்.” வரிசை மாறினால்? வேலை கெட்டது. போல்ட் ஏறவில்லை என்றால்? டிரில் அளவா, டேப் சாய்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ப்ரோகிராம் எழுதுகிறவரின் பாதி நாள் இப்படித்தான் போகிறது: வேலையைப் படிகளாகப் பிரிப்பது, வரிசைப்படுத்துவது, தப்பு எந்தப் படியில் நுழைந்தது என்று தேடுவது. தேடும் பழக்கம் வந்துவிட்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும் என்பது என் எண்ணம்.

இதைக் குழந்தைகளுக்காக யோசித்தவர் சீமூர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர். ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர். 1967-ல் அவரும் சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோரும் சேர்ந்து லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் ஆமை வந்தது. குழந்தை சொல்கிறபடி நடக்கும், திரும்பும், போன வழியெல்லாம் கோடு போடும்.

அந்த ஆமையாக அப்பா இருக்கட்டும். மொட்டை மாடியும் ஒரு சாக்பீஸும் போதும். மகள் கட்டளை சொல்ல வேண்டும். அப்பா சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், ஊகித்து உதவக் கூடாது. சதுரம் சுலபம்: ஐந்து அடி நட, வலது பக்கம் 90 டிகிரி திரும்பு, இதையே நான்கு தடவை செய். ‘நான்கு தடவை’ என்று அவளாகவே சுருக்கிச் சொன்னால், ‘லூப்’ என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைப் பிடித்துவிட்டாள்.

அடுத்து முக்கோணம் கேளுங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று தெரிந்த பிள்ளை, 60 டிகிரி திரும்பச் சொல்லும். நடந்து பாருங்கள். மூன்று பக்கம் போட்ட பிறகும் கோடு மூடாது, அகலமாகத் திறந்து கிடக்கும். இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம், தயவுசெய்து இருங்கள். “இன்னும் நடங்கப்பா” என்று அவள் சொல்லக்கூடும். நடந்தால் ஆறு பக்கத்தில் மூடி, அறுகோணம் வரும். இப்போது அவள் கையில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன: நான்கு தடவை 90 மூடியது, ஆறு தடவை 60 மூடியது. இரண்டிலும் மொத்தம் 360, ஒரு முழுச் சுற்று. அப்படியானால் மூன்று தடவைக்கு? 120. முக்கோணத்துக்குள் இருக்கும் கோணம் வேறு, நடக்கிறவர் திரும்பும் கோணம் வேறு என்பது அப்போது அவளுக்கே தெரியும். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் இதில் எதுவும் நடக்காது. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கம்ப்யூட்டர் இல்லாமலே பழகக்கூடிய இப்படிப்பட்ட சிந்தனை நம் பாடநூலிலும் இருக்கிறது. 2018-ல் வந்த தமிழ்நாடு பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், விவசாயி ஆட்டையும் புல்கட்டையும் ஓநாயையும் படகில் அக்கரை சேர்க்கும் புதிரை வைத்து, தேவையில்லாததை விலக்குவது எப்படி என்று விளக்கியிருக்கிறார்கள். படகின் நிறம், ஆற்றின் அகலம் எதுவும் வேண்டாம். நால்வரில் யார் எந்தக் கரையில் என்பது போதும். அப்படி எழுதினால் மொத்தம் 16 நிலைகள்தான், அதில் ஆறு ஆபத்தானவை: விவசாயி இல்லாத கரையில் ஓநாய் ஆட்டையோ, ஆடு புல்லையோ தின்றுவிடும். மீதிப் பத்துக்குள் வழி தேடினால் ஏழு பயணத்தில் வேலை முடியும். அருமையான பாடம். ஆனால் கணினிப் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும், அதுவும் பதினாறு வயதில் கிடைப்பது எனக்கு வருத்தம்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் நான்கு புளியங்கொட்டையை நகர்த்தி இதைச் செய்துவிடும்.

மாடி ஏற நேரமில்லாதவர்கள் மின்சார ரயிலில் விளையாடலாம். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி, இந்து கல்லூரி. எட்டு ஸ்டேஷன். ஒன்றை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் “ஆவடியா? கொரட்டூரா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். “அம்பத்தூரைத் தாண்டியா?” என்று கேட்டால் ஒரே பதிலில் நான்கு ஸ்டேஷன் கழிந்துவிடும் என்று ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். மூன்று கேள்வியில் எந்த ஸ்டேஷனும் மாட்டிக்கொள்ளும். பதினாறு ஸ்டேஷன் இருந்தால் எத்தனை கேள்வி என்று கேளுங்கள். ஆறு என்பார்கள், எட்டு என்பார்கள். விளையாடிப் பார்த்தால் நான்குதான். ஆயிரம் பெயர் என்றாலும் பத்துக்கு மேல் போகாது. அதை அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம், பேப்பரில் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.