சுட்டும் விரல்

இராயபுரத்தில் ஒரு தாய், ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்திக் கடலை நோக்கி நிற்கிறாள். துறைமுகத்திற்குள் கப்பல் ஒன்று வருகின்றது. குழந்தை விரல் நீட்டி அதைக் காட்டுகிறது. உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. 'நான் கண்டதை நீயும் கண்டாயா?' என்பது அதன் கருத்து. ரொட்டித் துண்டு வேண்டி விரல் நீட்டுவது வேறு. இவ்வாறு மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள நீட்டுவது வேறு. இந்த இரண்டாவது சுட்டல் காணப்படாமை, ஆட்டிசத்தின் முன்னறிகுறிகளுள் ஒன்று.

இத்தகைய அறிகுறிகளைப் பெற்றோரிடமே கேட்டறியும் வினாப்பட்டியல்கள் உண்டு. அமெரிக்காவில் உருவாகி 2001-இல் வெளிவந்த 'எம்-சாட்' அவற்றுள் ஒன்று. அதன் திருத்திய வடிவில் 20 வினாக்கள் உள்ளன. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது அது. 'பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?' என்பது போன்ற வினாக்களுக்கு ஆம், இல்லை என விடை கூறினால் போதும். ஐயத்திற்குரிய விடைகள் 2 வரை இருப்பின் அப்போதைக்குக் கவலையில்லை. 3 முதல் 7 வரை எனில், அவ்வினாக்களை விரிவாக மீண்டும் கேட்டல் வேண்டும். 8-உம் அதற்கு மேலும் எனில் நேரே வல்லுநரிடம் செல்லுதல் வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'காது கேளாதோ என்று எண்ணியதுண்டா?' முதலிய மூன்று வினாக்களுக்கு 'ஆம்' என்பதே ஐயத்திற்குரிய விடை. ஆகவே, அச்சத்தால் எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்று கூறிவிடும் தாயும் மறுவிசாரணைக்கு உரியவளாகிறாள்.

வினாப்பட்டியல் வலை போன்றது, தராசு அன்று. காசிமேட்டு வலையில் மீனோடு பாசியும் ஏறும், கரையில்தான் பிரித்தெடுப்பர். அதுபோல, ஐயத்திற்குரிய குழந்தைகள் அனைவர்க்கும் ஆட்டிசம் இருப்பதில்லை. முடிவு கூறுவது மருத்துவர் கடமை. விடை கூறுவோரும் குழந்தையோடு பழகியவராதல் வேண்டும். எண்ணூர் ஆலையில் இரவு வேலை செய்யும் தந்தையைவிடப் பாட்டி மிகுதியாக அறிந்திருக்கக் கூடும்.

'அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்' என்று காத்திருப்போர் பலர். தாயின் அன்புக் குறையே காரணம் என முன்னாளில் சிலர் எழுதியதும் பிழையென்று தெளிந்தாயிற்று. எனவே மறைக்க வேண்டுவதில்லை. 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருகின்றனர். அவர்களிடம் ஐயத்தைச் சொல்லலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் உள்ளது.

என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். பிடிவாதம் என்றெண்ணிப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். காரணம் யாது என அவன் தாயை ஒரு சொல்லும் கேட்டேனில்லை. கேட்டிருத்தல் வேண்டும்.