வேற்றுமுகம் பார்க்காத பிள்ளை

தேனிப் பக்கம் ஒரு காப்பகத்தில் வளரும் இரண்டு வயதுக் குழந்தையை இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி வந்து தத்தெடுத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "விவரம் தெரியாத வயசு. நாலு நாள் அழும், அப்புறம் மறந்துரும்." நல்ல மனதோடு சொல்கிற ஆறுதல்தான். ஆனால் அந்தக் குழந்தைக்குள் நடப்பது வேறு. ஒரு டீயில் முடிகிற சங்கதி இல்லை, நிதானமாகப் பார்ப்போம்.

குழந்தை காப்பகத்துக்கு எப்படி வருகிறது? பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் போகலாம், யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன்பு எழுதிக்கொடுத்தும் ஒப்படைக்கலாம். அப்படிக் கொடுத்தவர்கள் மனம் மாறி வந்தால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அனாதையாகக் கிடைத்த குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். அதுவரை குழந்தை இருக்கும் இடத்துக்குச் சிறப்புத் தத்துவள மையம் என்று பெயர்.

அடுத்து, வெளிநாட்டுக்கு எப்படிப் போகிறது? முதல் உரிமை உள்நாட்டுப் பெற்றோருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும்தான். அவர்கள் அமையாத குழந்தைகளே பெரும்பாலும் வெளியே போகிறார்கள்: கொஞ்சம் வளர்ந்துவிட்டவர்கள், பிறவிக் குறையோ நோயோ உள்ளவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறந்தவர்கள். வெளிநாட்டுத் தத்துக்கான நெறிகளை 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. அதன் பிறகும், கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பேரில் வெளிநாடு போன விவகாரம் 2005-இல் சென்னையில் வெடித்தது. இத்தனை கையெழுத்தும் காத்திருப்பும் எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா' வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். புதிய பெற்றோர் நேரில் வந்துதான் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும்.

காகிதம் இத்தோடு முடிகிறது. இனி பிள்ளையைப் பார்ப்போம். கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அம்மா தூக்குவாளியோடு ஏறும்போது இரண்டு வயதுப் பிள்ளை பாட்டியின் இடுப்பிலிருந்து திமிறிக்கொண்டு கத்தும். பாட்டி கோழியைக் காட்டி, காக்காயைக் காட்டி அமர்த்துவாள். சாயங்காலம் அம்மா இறங்கியதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும், கோபத்தில் ஒரு அடியும் வைக்கும். அந்தக் கத்தலுக்கும் அடிக்கும் அர்த்தம் ஒன்றே: "நீ என் ஆள், எனக்கு நீதான் வேணும்." இதை உளவியலில் பற்றுறவு என்கிறார்கள். பயந்தால், பசித்தால், வலித்தால் யாரிடம் ஓடுவது என்று பிள்ளை மனதில் முடிவுசெய்து வைத்திருப்பதுதான் அது. ஏழெட்டு மாதத்தில் தெளிவாகத் தெரிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வயதுவரை மிகக் கெட்டியாக இருக்கும்.

காப்பகத்துப் பிள்ளைக்கும் இந்தத் தேவை உண்டு. அங்கே ஆயாக்கள் முறைமாற்றி வருவார்கள். சில பிள்ளைகள் அவர்களில் ஒருவரைத் தன் ஆளாக்கிக்கொள்ளும். தத்துப் போகிற நாளில் அந்தப் பிள்ளை இழப்பது ஒரு வேலையாளை அல்ல, தன் அம்மாவை. சில பிள்ளைகளுக்கு அப்படி ஒருவரும் வாய்த்திருக்க மாட்டார்கள். அவை யார் கை நீட்டினாலும் போகும், யார் மடியிலும் சிரித்துக்கொண்டு உட்காரும்.

நாம் எல்லோரும் தவறிப்போகும் இடம் இதுதான். "வேத்துமுகமே பாக்காத புள்ள, தங்கம்" என்று மெச்சுகிறோம். பிள்ளை அழாமல் விமானம் ஏறி, புது வீட்டில் கொடுத்ததைத் தின்று, படுக்கவைத்ததும் படுத்தால் "நல்லாப் பழகிருச்சு" என்கிறோம். ஆனால் அமைதி வேறு, பழகியது வேறு. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்தார். அக்காலத்தில் பெற்றோர் கூடத் தங்க அனுமதி கிடையாது. அழாத குழந்தை அடங்கிவிட்டது என்றே மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தபோது, அழுகையை விழுங்கிக்கொண்டிருக்கும் முகம் தெரிந்தது. முதலில் எதிர்த்து அழுவது, பிறகு நம்பிக்கை இழந்து அடங்குவது, கடைசியில் யாரும் வேண்டாம் என்று ஒட்டாமல் போவது என்று மூன்று கட்டங்களை அவர் விளக்கினார். நாம் பழகிவிட்டது என்று எண்ணுவது பல நேரம் இரண்டாவது, மூன்றாவது கட்டம்தான்.

ஆகவே புது வீட்டில் பிள்ளை அழுதால் பயப்பட வேண்டியதில்லை. இழந்தது இன்னதென்று அதற்குத் தெரிகிறது, ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளவும் தெரிகிறது. இரவில் திடுக்கிட்டு எழுவது, பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளிப்பது, நடக்கிற பிள்ளை தவழ்வது, ஒருவரை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவரை விரட்டுவது எல்லாம் முதல் மாதங்களில் வரக்கூடியவை. அடக்கினால் போகாது, கூட இருந்தால் மெல்லக் குறையும்.

கன்றைப் பிடுங்கி நடும் நம் ஊர் விவசாயிக்கு இது புதிதல்ல. வேர்மண் உதிராமல் பெயர்ப்பார், நட்டபின் இலை தொங்கினால் பதறமாட்டார், வேர் பிடிக்கும்வரை வெயில் படாமல் காப்பார். பிள்ளைக்கு வேர்மண் என்பது காப்பகத்தில் போர்த்திய துணி (துவைக்காமல் கொண்டுபோக வேண்டும், வாசனைதான் முக்கியம்), குடித்துப் பழகிய தம்ளர், ஊட்டிய குழைந்த சோறு, ஆயாவின் புகைப்படம். பிள்ளையின் படங்களும் பழக்கவழக்கங்களும் அடங்கிய நினைவுத் தொகுப்பு ஒன்றைக் காப்பகம் தயாரித்துப் புதிய பெற்றோரிடம் தர வேண்டும் என்பது தத்தெடுப்பு விதியிலேயே இருக்கிறது.

நிழல் கட்டுவது பெற்றோர் வேலை. முதல் சில மாதங்கள் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூக்குவதும் தூங்கவைப்பதும் அவர்கள் இருவர் மட்டுமே. பாட்டி தாத்தாவானாலும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சினால் போதும், பசிக்கும் வலிக்கும் பிள்ளை அம்மா அப்பாவிடமே போகட்டும். பத்துப் பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்தில், விளக்கு எரிய உறங்கிய பிள்ளையைத் தனியறை இருட்டில் விடக் கூடாது, தங்கள் அறையிலேயே படுக்கவைக்க வேண்டும். பால், தண்ணி, போதும், வலிக்குதா, வா என்று சில தமிழ்ச் சொற்களைப் படித்துக்கொண்டு வந்தால் முதல் வாரத்தில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

"மறந்துரும்" என்கிறோமே, அதற்கும் பதில் இருக்கிறது. சீனாவிலிருந்து குழந்தையாக வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளை மான்ட்ரியலில் ஆராய்ந்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. அவர்களுக்குச் சீனம் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் சீன ஒலிகளைக் கேட்டபோது அவர்கள் மூளை, சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே இயங்கியது. நினைவில் இல்லாததும் உள்ளே தங்கியிருக்கிறது. ஆகையால் நீ எங்கே பிறந்தாய், எப்படி எங்களிடம் வந்தாய் என்பதைப் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே இயல்பாகச் சொல்லி வளர்ப்பதே சரி.

காயம் ஆறாதோ என்று கவலைப்படவும் வேண்டாம். ருமேனியக் காப்பகங்களின் கொடுமையிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் தத்துப் போனவர்கள் உட்பட 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள். பிந்தி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போகும் பழக்கம் நீடித்தது. அவர்களிலும் பலர் தேறினார்கள். சீக்கிரம் ஒரு வீடு கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் பங்கும் இதில் உண்டு. பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் யாராவது இருந்தால் தரகரிடம் போகவிடாமல் 1098-ஐ அழைக்கச் சொல்லலாம். தேனிப் பிள்ளை சென்னைக்கோ கோவைக்கோ தத்துப் போனாலும் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும், ஆகவே உறவுக்காரர்கள் தூக்குவதற்குக் கொஞ்சம் பொறுக்கலாம். வெளிநாடு போன பிள்ளையைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு அறிக்கை வர வேண்டும் என்பது விதி, முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொருமுறை, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கொருமுறை. அதில் என்றாவது, "அம்மா வேலைக்குக் கிளம்பினால் அழுகிறாள், புதியவர்கள் வந்தால் அப்பாவின் பின்னால் ஒளிகிறாள்" என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்குத் தன் ஆள் கிடைத்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கலாம்.